டபுள் எட்ஜ் ரேசருக்கு மாறியதும் கழுத்தில் எரிச்சல்: பிளேடா, தண்ணீரா, கையா?

#1 அமுதன்_தாம்பரம்

வணக்கம். அஞ்சு பிளேடு கார்ட்ரிட்ஜை விட்டு டபுள் எட்ஜுக்கு (ரெண்டு பக்கமும் கூருள்ள ஒத்தை பிளேடைப் போடுற ரேசர்) மாறியாச்சு. கன்னம் ரெண்டும் சுத்தமா வருது. கழுத்துலதான் பிரச்சினை. குரல்வளை மேட்டுக்கு ரெண்டு பக்கமும் சிவப்புப் புள்ளி, எரிச்சல். வலப்பக்கம் கொஞ்சம் அதிகம்.

கையில இருக்கிறது: மூணு துண்டா கழலுற ரேசர் (க்ளோஸ்டு கோம்ப், அதாவது பிளேடுக்கு அடியில இருக்கிற விளிம்புல சீப்புப் பல் இல்லாதது), ஃபெதர் பிளேடு, டியூப் க்ரீம், சிந்தெடிக் பிரஷ். வீட்டுல போர் தண்ணி. நுரை நல்லா எழும்புது, முகத்துல போட்டு ஒரு நிமிஷத்துல அடங்கிடுது. பிளேடை மாத்தணுமா, ரேசரையே மாத்தணுமா?

#2 சோலிங்கன்

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். கழுத்து எரிச்சல் என்றால் பார்க்க வேண்டியவை இந்த வரிசையில்: அழுத்தம், கோணம், முடியின் வாட்டம் (அது வளரும் திசை), நுரை. பிளேடு ஐந்தாவது. ரேசர் கடைசி.

கார்ட்ரிட்ஜின் தலை ஆடும். கை எவ்வளவு அழுத்தினாலும் அது வளைந்து கொடுக்கும். அதற்குப் பழகிய கை டபுள் எட்ஜையும் அழுத்தும், ஆனால் இங்கே தலை அசையாது. அழுத்தினால் பிளேடுக்கும் அதன் அடியில் உள்ள காப்பு விளிம்பான சேஃப்டி பாருக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்குள் தோல் பிதுங்கி ஏறும். முடியோடு தோலின் மேல்படலமும் சீவப்படும். கன்னத்தைவிடக் கழுத்துத் தோல் மெலிது, தளர்வு. அதனால் முதலில் அடிபடுவது கழுத்துதான்.

ரேசரைக் கைப்பிடியின் அடிநுனியில் கட்டைவிரலும் இரண்டு விரலுமாகப் பிடியுங்கள். தலைக்குப் பக்கத்தில் பிடித்தால் அழுத்தம் தானாகவே வந்துவிடும். ரேசரின் எடையே போதும்.

கோணம் கண்டுபிடிக்கும் வழி: ரேசரின் மூடியை (பிளேடுக்கு மேலே வரும் தகடு) கன்னத்தில் தட்டையாக வையுங்கள். கைப்பிடி முகத்துக்குச் செங்குத்தாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் பிளேடு தோலைத் தொடாது. மெல்ல இழுத்துக்கொண்டே கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குங்கள். முடி அறுபடும் சத்தம் எங்கே கேட்கத் தொடங்குகிறதோ அங்கேயே நிறுத்துங்கள். பிளேடுக்கும் தோலுக்கும் சுமார் 30 டிகிரி இருக்கும். அதற்கும் கீழே இறக்கினால் பிளேடு அறுக்காது, சுரண்டும்.

நிறையப் பேர் தவறுவது தாடை எலும்புக்குக் கீழே. எலும்பைத் தாண்டியதும் தோல் உள்பக்கம் திரும்பிவிடும். கை மட்டும் பழைய கோணத்திலேயே இறங்கும். கன்னத்திலிருந்து கழுத்துவரை ஒரே இழுப்பாக இழுக்காதீர்கள். எலும்பில் நிறுத்தி, ரேசரை எடுத்து, கழுத்தில் மூடியை மறுபடி பதித்து, கோணத்தைப் புதிதாகப் பிடியுங்கள். ஒரு இழுப்பு 2 முதல் 3 செ.மீ. போதும்.

#3 பொருநை

சோலிங்கன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் அமுதன் எழுதியதில் முக்கியமான வரி, "முகத்துல போட்டு ஒரு நிமிஷத்துல அடங்கிடுது" என்பது. இது கை வேலை அல்ல, தண்ணீர் வேலை.

ஷேவிங் க்ரீமும் சோப்பும் பெரும்பாலும் ஸ்டியரிக் அமிலத்தின் பொட்டாசியம், சோடியம் உப்புகள்தான். கடினநீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அந்தப் பொட்டாசியத்தைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது உருவாகும் கால்சியம் ஸ்டியரேட் தண்ணீரில் கரையாது, வழுக்காது, நுரைக்காது. பக்கெட் ஓரத்தில் ஒட்டும் வெள்ளைப் படலம் அதுதான். நீங்கள் போடும் க்ரீமில் ஒரு பங்கு இப்படியே வீணாகிறது. மிச்சமுள்ளது பார்க்கப் பெரிய நுரையாக இருந்தாலும் உள்ளே காற்றுதான் அதிகம். பிளேடு தோலில் வழுக்கிப் போவது நுரையின் உயரத்தால் அல்ல, அடியில் இருக்கும் ஈரமான சோப்புப் படலத்தால்.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை (ஐ.எஸ். 10500) மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி.க்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. 600 என்பது குடிக்கச் சரியாக இருக்கலாம், சோப்புக்கு மிக மோசம்.

சோதனை எளிது. ஒரே மாதிரி இரண்டு சின்ன பாட்டில்கள். ஒன்றில் 50 மி.லி. போர் தண்ணீர், இன்னொன்றில் 50 மி.லி. ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு க்ரீம், துளியூண்டு போதும். மூடிப் பத்து விநாடி குலுக்கி வைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஆர்.ஓ. பாட்டிலில் நுரை நின்று, போர் பாட்டிலில் கலங்கிய தண்ணீரும் மேலே திரிதிரியாக மிதப்பதுமாக இருந்தால் காரணம் தெரிந்துவிடும்.

தீர்வுக்குப் பெரிய செலவில்லை. ஒரு ஷேவுக்கு 150 மி.லி. ஆர்.ஓ. அல்லது கேன் தண்ணீர் தாராளம். பிரஷ் நனைக்க, நுரை கட்ட, நுரை போடும் முன் முகத்தைக் கடைசியாக நனைக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். ரேசரை அலசவும், முடிந்தபின் முகம் கழுவவும் போர் தண்ணீரே போதும்.

#4 யாழ்_கிணற்றடி

எங்கட பக்கம் நிலமே சுண்ணாம்புக்கல். கிணத்துத் தண்ணியில சவுக்காரம் லேசில நுரைக்காது. மழைத்தண்ணி பிடிச்சு வைச்சா அதுதான் திறம். கூரையில விழுற முதல் மழையை ஓட விட்டிட்டு, பிறகு வாறதைப் பிடியுங்கோ. அது இல்லாத காலத்தில கொதிக்க வைச்சு, முழுசா ஆற விட்டு, கேத்திலைக் குலுக்காமல் மேல் தெளிவை மட்டும் ஊத்தி எடுக்கலாம். அடியில படியிற வெள்ளைதான் சுண்ணாம்பு. முகம் வழிக்கிறதுக்கு அந்தத் தெளிவு காணும்.

#5 கொங்கு_ஆர்

கொதிக்க வைக்கிறது எல்லா ஊர்லயும் எடுபடாதுங்க. அதுக்குப் பதிலா சிட்ரிக் அமிலம் ஒரு சிட்டிகை போட்டா போதும்னு சொல்றாங்களே?

#6 பொருநை

யாழ் நண்பர் ஊரில் கொதிக்கவைப்பது வேலை செய்யும். அங்கே கடினத்தன்மை பெரும்பாலும் பைகார்பனேட்டாக இருக்கிறது, சூட்டில் கார்பனேட்டாகப் படிந்துவிடும். கடலோரப் போர் தண்ணீரில் கால்சியம் குளோரைடாகவும் சல்ஃபேட்டாகவும் கலந்திருந்தால் எவ்வளவு கொதித்தாலும் இறங்காது. தண்ணீர் வற்றும் அளவுக்குச் செறிவு இன்னும் ஏறும்.

சிட்ரிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துவைக்கும், உண்மை. ஆனால் சோப்பு காரத்தில்தான் சோப்பாக இருக்கும். அமிலம் கொஞ்சம் கூடினால் சோப்பு உடைந்து கொழுப்பமிலம் திப்பித்திப்பியாகப் பிரிந்துவிடும். வீட்டு ஸ்பூனில் அந்த அளவைப் பிடிப்பது கஷ்டம். பரிந்துரைக்க மாட்டேன். டியூப் க்ரீம் வாங்கும்போது பின்பக்கப் பட்டியலில் இ.டி.டி.ஏ. இருக்கிறதா பாருங்கள். அதே வேலையைச் சோப்பைக் கெடுக்காமல் செய்வதற்காகத்தான் அதைச் சேர்க்கிறார்கள். கட்டிச் சோப்பைவிட அப்படிப்பட்ட க்ரீம் கடினநீரில் தாக்குப்பிடிக்கும்.

#7 அமுதன்_தாம்பரம்

பாட்டில் டெஸ்ட் செஞ்சு பார்த்தேன் பொருநை சார். போர் தண்ணி பாட்டில்ல நுரை கிட்டத்தட்ட இல்லை, மேல திரிதிரியா மிதக்குது. இனிமே கேன் தண்ணிதான். க்ரீம் எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு யாராவது அளவா சொல்ல முடியுமா? "கொஞ்சம்" "கொஞ்சம்"னுதான் எல்லா இடத்துலயும் இருக்கு.

#8 நுரைப்பிரியன்

அளவோடு சொல்கிறேன் தம்பி.

முதலில் முடி நனைய வேண்டும். காய்ந்த தாடி முடி கடினம். இரண்டு மூன்று நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறினால் வெட்டத் தேவைப்படும் விசை நன்றாகக் குறையும். அதனால்தான் குளித்து முடித்த கையோடு ஷேவ் செய்யச் சொல்வது. முகத்தைத் துடைக்காமல் வாருங்கள்.

சிந்தெடிக் பிரஷை ஊறவைக்க வேண்டாம். நனைத்து, ஒரு தடவை உதறினால் போதும். பன்றிமுடி பிரஷ் என்றால் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊற வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் எந்தப் பிரஷையும் போடாதீர்கள், வேரில் இருக்கும் பசை இளகி முடி கொட்டும்.

அகலமான கிண்ணத்தில் கால் டீஸ்பூன் க்ரீம். ஈரப் பிரஷால் தண்ணீர் சேர்க்காமல் இருபது விநாடி சுழற்றுங்கள். கெட்டியாகப் பசை மாதிரி ஒட்டும். இப்போது அரை டீஸ்பூன் தண்ணீர், மறுபடி இருபது விநாடி. இப்படியே ஐந்தாறு தடவை. தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் குமிழிதான் வரும், பிறகு அதைச் சரிசெய்ய முடியாது. புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தண்ணீர் குறைவாகத்தான் விடுகிறார்கள், அதிகமாக அல்ல.

எப்போது நிறுத்துவது? நுரையில் பளபளப்பு வந்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற குமிழி இருக்கக்கூடாது. பிரஷைத் தூக்கினால் கூரான முனை நிற்காமல் லேசாகத் தலைசாய வேண்டும். கெட்டித் தயிரைக் கரண்டியால் அடித்துவிட்ட பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விரலுக்கு நடுவே கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். விரல் பிடிப்பில்லாமல் வழுக்கினால் சரி. இழுத்தால் இன்னும் அரை டீஸ்பூன் தண்ணீர் வேண்டும். வழிந்தால் தண்ணீர் கூடிவிட்டது, துளி க்ரீம் சேருங்கள்.

முகத்தில் சுழற்றித் தேய்ப்பது முடியைத் தூக்கி நிறுத்தத்தான். கடைசியில் மேலும் கீழுமாகப் பூசி மட்டப்படுத்துங்கள். மூக்கடியிலும் மோவாயிலும் ஒரு சுற்று அதிகம், அங்கேதான் முடி அடர்த்தி. நுரை பூசாத இடத்தில் ரேசரை வைக்கவே கூடாது. ஒரு தடவை வழித்த இடத்தில் மறுபடி வழிக்க வேண்டுமென்றால் மறுபடி நுரை.

ஊரில் சிலர் ஷேவுக்கு முன்னால் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள். எண்ணெய் அதிகமானால் நுரையை அமுக்கும், முடிக்குள் தண்ணீர் போவதையும் தடுக்கும். தோல் ரொம்ப வறண்டவர்கள் ஷேவ் முடிந்தபிறகு இரண்டு சொட்டு தடவிக்கொள்ளட்டும்.

#9 கத்திக்கல்

இனி கழுத்து.

இரண்டு நாள் வளர்ந்த தாடியில் விரல்நுனியால் தடவுங்கள். வழுக்கிப் போகும் திசை முடியின் வாட்டம், முள்ளாகக் குத்தும் திசை எதிர்வாட்டம். கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழ். கழுத்தில் அந்த விதியே கிடையாது. பலருக்குக் கழுத்தின் அடிப்பாதியில் முடி கீழிருந்து மேலாக வளரும். குரல்வளை மேட்டுக்குப் பக்கத்தில் படுக்கையாகக் காதை நோக்கிப் போகும். சிலருக்குச் சுழி இருக்கும். இடது வலது ஒரே மாதிரி இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரு தாளில் கழுத்தை வரைந்து ஆறு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அம்புக்குறி போடுங்கள். அந்தத் தாளைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். நீங்கள் கீழ்நோக்கி வழிப்பதாக நினைப்பது அடிக்கழுத்தில் எதிர்வாட்டமாக இருக்கலாம்.

முதல் சுற்று வாட்டத்தோடு. நுரை. இரண்டாம் சுற்று வாட்டத்துக்குக் குறுக்கே. கழுத்து குணமாகும்வரை அதோடு நிறுத்துங்கள். குரல்வளை மேட்டுக்கு ஒரு வழி: எச்சிலை விழுங்குவது போல் பாதியில் நிறுத்தினால் மேடு மேலே ஏறும், அந்த நேரத்தில் அங்கே வழிக்கலாம். இல்லையென்றால் தோலை விரலால் பக்கவாட்டில் நகர்த்தி, மேட்டிலிருந்து விலக்கிச் சமதளத்தில் வையுங்கள்.

புள்ளிகளில் மூன்று வகை உண்டு. ஷேவ் முடித்த உடனே சிவந்து, ஒரு நாளில் அடங்கினால் அது ரேசர் எரிச்சல். அழுத்தமும் நுரையும் சரியானால் போய்விடும். ஒன்றிரண்டு நாள் கழித்துக் கெட்டியாகப் புடைத்து, உள்ளே முடி சுருண்டிருப்பது தெரிந்தால் அது உள்நோக்கி வளரும் முடி. சுருட்டை முடிக்காரர்களுக்கு இது அதிகம். மிக நெருக்கமாக வெட்டிய முடி தோலுக்கு அடியிலேயே கூராகி உள்ளே குத்துகிறது. இவர்கள் எதிர்வாட்டத்தை விட்டுவிட வேண்டும், தோலை இழுத்துப் பிடிக்கவும் கூடாது. ரொம்ப இருந்தால் சில வாரம் ட்ரிம்மரில் 1 மி.மீ. விட்டு வெட்டுவதுதான் நல்லது. மூன்றாவது, முடிக்காலில் சீழ் கோத்த புள்ளி. அதற்குத் தோல் மருத்துவர், ரேசர் அல்ல.

#10 கொங்கு_ஆர்

எதிர்வாட்டம் போகாம கழுத்து சுத்தமா வராதுங்க. சாயங்காலமே முள்ளு தட்டும். ஆபீஸ் போறவங்களுக்கு அது சரிப்படுமா?

#11 கத்திக்கல்

சரிப்படும். தாடி முடி ஒரு நாளில் சுமார் 0.3 முதல் 0.4 மி.மீ. வளரும். எதிர்வாட்டத்தில் நீங்கள் கூடுதலாகப் பெறுவது சில மணி நேர வழவழப்பு மட்டுமே. இரண்டடி தள்ளி நிற்பவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சிவந்த கழுத்து தெரியும். தோல் தாங்குகிறவர்கள் தாராளமாக மூன்றாம் சுற்று போகட்டும், கன்னத்தில் நானும் அதையே சொல்வேன். ஏற்கெனவே புண்பட்ட கழுத்தில் போவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

#12 சோலிங்கன்

ஒத்துப்போகிறேன். மூன்றாம் சுற்றுக்கு முன் ஒரு வேலை: நுரை எஞ்சிய ஈர முகத்தை விரலால் தடவி, முள் தட்டும் இடத்தை மட்டும் கண்டுபிடித்து அங்கே மட்டும் நுரை வைத்துத் தொடுங்கள். முழு முகத்தையும் மறுபடி வழிக்கத் தேவையில்லை.

#13 எவர்சில்வர்

அமுதன், "வலப்பக்கம் கொஞ்சம் அதிகம்" என்று முதலிலேயே எழுதியிருந்தீர்கள். யாரும் அதைத் தொடவில்லை. ரேசரில் பிளேடைப் போட்டு இறுக்கியபின், தலையை நேராக முகத்துக்கு எதிரே வைத்துப் பாருங்கள். மூடிக்கு வெளியே பிளேடின் விளிம்பு இரண்டு பக்கமும் ஒரே அளவு தெரிகிறதா? ஒரு படம் போடுங்கள்.

#14 அமுதன்_தாம்பரம்

(படம் இணைப்பு)

ஒரு பக்கம் விளிம்பு நூலளவு தெரியுது, இன்னொரு பக்கம் நல்லா வெளிய நிக்குது. அதுவும் ஒரே சீரா இல்லை, ஒரு மூலையில அதிகம்.

#15 எவர்சில்வர்

படத்தில் தெளிவாகத் தெரிகிறது. பிளேடு கோணலாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் மென்மையான ரேசர், மறுபக்கம் முரட்டு ரேசர் என்று ஒரே கையில் இரண்டு ரேசர் பிடித்திருக்கிறீர்கள். எந்தப் பக்கம் எந்தக் கழுத்தில் படுகிறதோ அதைப் பொறுத்து எரிச்சல்.

பிளேடின் துளைக்கும் அது உட்காரும் முனைகளுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி எப்போதும் இருக்கும். அந்த இடைவெளிக்குள்தான் பிளேடு திரும்பிவிடுகிறது. சரியாக மாட்டும் முறை: மூடியைத் திருப்பி மேஜையில் மல்லாக்க வையுங்கள். மேலே பிளேடு, அதற்கு மேலே அடித்தட்டு, வளைந்த பக்கம் பிளேடைப் பார்த்தபடி. சில பிளேடுகளைக் காகிதத்தோடு மெழுகுத் துளியால் ஒட்டியிருப்பார்கள். அந்தத் துளி பிளேடு மேல் தடிப்பாக இருந்தால் பிளேடு சமமாக உட்காராது, ஈரத்துணியை வைத்து நடுப்பகுதியில் மட்டும் ஒற்றி எடுங்கள். இப்போது பிளேடின் கூரில்லாத இரண்டு குட்டை ஓரங்களையும் கட்டைவிரல், நடுவிரலால் பிடித்து நேராக்கிக்கொண்டே மறுகையால் கைப்பிடியைத் திருகுங்கள். தலை கீழே பார்த்தபடியே இருக்கட்டும். பிடிப்பு வந்ததும் நிறுத்தி, விளிம்பைப் பாருங்கள். சமமில்லையென்றால் கால் சுற்றுத் தளர்த்தி, நேராக்கி, மறுபடி இறுக்குங்கள். விரல் இறுக்கம் போதும். முறுக்கி முறுக்கி ஏற்றாதீர்கள்.

அந்தக் கடைசி வரி முக்கியம். மலிவு ரேசர்களின் தலை மட்டுமல்ல, நடுத்தர விலை ரேசர்களின் தலையும் பெரும்பாலும் ஸமாக் என்ற துத்தநாக உலோகக்கலவையில் வார்த்து குரோம் பூசியவைதான். மூடியின் நடுவில் நிற்கும் திருகுமறைக் கம்பியும் அதே வார்ப்பு. அதிக முறுக்கோ, குளியலறைத் தளத்தில் ஒரு விழுகையோ போதும், கம்பி வேரோடு முறியும். ஒட்டவைக்க முடியாது. பித்தளையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் இப்படி முறியாது, விலை கூடுதல்.

இன்னொன்று. உப்புப் படிந்தால் வினிகரில் ஊறவைக்கச் சொல்வார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குச் சரி. ஸமாக்கில் குரோம் பூச்சு எங்காவது கீறியிருந்தால் அமிலம் உள்ளே போய்த் துத்தநாகத்தை அரிக்கும், கரும்புள்ளி விழுந்து பூச்சு பொக்களிக்கும். பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு, பழைய டூத் பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர். வாரம் ஒருமுறை கழற்றித் தேய்த்தால் உப்பு ஏறவே ஏறாது. மறைக்குள் காய்ந்த சோப்பு தங்கினாலும் பிளேடு சரியாக இறுகாது.

#16 பொருநை

இது நல்ல கண்டுபிடிப்பு எவர்சில்வர். அமுதன், பிளேடை நேராக்கி, கேன் தண்ணீர் நுரையோடு ஒரு வாரம் பாருங்கள்.

#17 அமுதன்_தாம்பரம்

சரி சார். ஃபெதரை வைச்சுக்கவா, மாத்தவா? ஒரு பிளேடு எத்தனை ஷேவ் வரும்?

#18 சோலிங்கன்

முதலில் ஒரு நல்ல செய்தி: பிளேடு விஷயத்தில் நீங்கள் எந்த கம்பெனிக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. இந்த வகை ரேசருக்காகக் கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது 1904 நவம்பரில். ஆரம்பத்தில் பிளேடில் மூன்று வட்டத்துளைகள் இருந்தன. நடுவில் நீளப் பிளவுள்ள இன்றைய வடிவம் 1930-ஐ ஒட்டி வந்தது. அன்றிலிருந்து சுமார் 43 மி.மீ. நீளம், 22 மி.மீ. அகலம், 0.1 மி.மீ. தடிமன் என்ற அளவு மாறவே இல்லை. தாத்தாவின் பித்தளை ரேசருக்கும் இன்று வாங்கிய ரேசருக்கும் ஒரே பிளேடு பொருந்தும். கார்ட்ரிட்ஜில் இந்தச் சுதந்திரம் கிடையாது.

ஃபெதர் ஜப்பான் பிளேடு, சந்தையில் இருப்பதிலேயே மிகக் கூரானவற்றுள் ஒன்று. கை பழகியவருக்கு அருமை, கோணம் தவறினால் மன்னிக்காது. கை பழகும்வரை அஸ்ட்ரா சுப்பீரியர் பிளாட்டினம், ஜில்லெட் 7 ஓ'கிளாக், பெர்சோனா மாதிரி நடுத்தரக் கூர்மையுள்ளது ஒன்றை எடுங்கள். டெர்பி அதைவிட மென்மை, அடர்த்தியான தாடிக்கு இழுக்கும். மொத்தமாக நூறு வாங்காதீர்கள். இரண்டு மூன்று வகையில் ஐந்தைந்து வாங்கி, ரேசர், க்ரீம், தண்ணீர் எதையும் மாற்றாமல் பிளேடை மட்டும் மாற்றிப் பார்த்தால்தான் ஒப்பீடு நிற்கும்.

ஆயுள் மூன்று முதல் ஏழு ஷேவ். எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், இழுப்பைப் பாருங்கள். முதல் சுற்றிலேயே மோவாயில் முடியைப் பிடித்து இழுத்தால் பிளேடு முடிந்தது.

முடி இவ்வளவு மென்மையாக இருந்தும் எஃகு எப்படி மழுங்குகிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்து 2020-ல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். முடி எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மை. விளிம்பு தேய்ந்து உருண்டுபோவதைவிட, பொடிப்பொடியாகச் சில்லு பெயர்வதுதான் பெரிய காரணம். முடி வளைந்து கொடுத்துச் சாய்வாக வந்து விளிம்பில் மோதும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் சில்லு கிளம்புகிறது.

அலசியபின் பிளேடைத் துணியாலோ டிஷ்யூவாலோ துடைக்காதீர்கள். விளிம்பும் மேல்பூச்சும் கெடும், விரலும் போகும். ரேசரை மூடாமல் நன்றாக உதறி, காற்றோட்டத்தில் நிறுத்தி வையுங்கள்.

#19 வைகைக்கரை

புதிதாக வாங்குகிறவர்களுக்கும் ஒரு வரி சொல்லுங்கள். ஓபன் கோம்ப், ஸ்லாண்ட், அட்ஜஸ்டபிள் என்று பார்த்தால் தலை சுற்றுகிறது.

#20 சோலிங்கன்

தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் ஷேவ் செய்பவருக்கு க்ளோஸ்டு கோம்ப். மெர்க்குர் 34சி, மூலே ஆர்89 இரண்டும் ஜெர்மனித் தயாரிப்பு, இரண்டுமே மென்மைக்கும் நடுத்தரத்துக்கும் இடையில். எட்வின் ஜாகர் டிஇ89-க்கும் ஆர்89-க்கும் தலை ஒன்றே, அதனால் இரண்டையும் வாங்கத் தேவையில்லை. இந்தியத் தயாரிப்பில் பார்க்கர். மூன்று நான்கு நாள் தாடியை வழிப்பவருக்கு ஓபன் கோம்ப் (விளிம்பில் சீப்பு மாதிரி பல் உள்ளது) அடைக்காது. ஆனால் மூலே ஆர்41-ஐ முதல் ரேசராக யாரும் வாங்க வேண்டாம், ரொம்ப முரடு. ஸ்லாண்டும் (பிளேடு சாய்வாக நிற்பது) அட்ஜஸ்டபிளும் (பிளேடின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக்கூடியது) பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

#21 வைகைக்கரை

நன்றி. முடிந்தபின் படிகாரம் போடலாமா? சலூனில் போடுவது எரிகிறதே.

#22 நுரைப்பிரியன்

போடலாம். படிகாரம் என்பது பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட். துவர்ப்பு, நுண்கீறலில் கசிவை நிறுத்தும். குளிர்ந்த தண்ணீரில் முகத்தை அலசி, கட்டியை நனைத்து, அழுத்தாமல் ஒரு தடவை ஓட்டி, அரை நிமிடம் விட்டுக் கழுவிவிடுங்கள். கழுவாமல் விட்டால் தோல் வறண்டு இழுக்கும்.

எங்கே எரிகிறது என்று கவனியுங்கள். எரிகிற இடம்தான் நீங்கள் அதிகம் அழுத்திய இடம். நான்கு ஷேவ் தொடர்ந்து ஒரே இடத்தில் எரிந்தால் அங்கே கோணத்தைத் திருத்த வேண்டும். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர்ஷேவை அதற்கு மேலே ஊற்ற வேண்டாம். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் கொஞ்சம் போதும். படிகாரக் கட்டியை வீட்டில் ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள், பகிரக்கூடாது.

சலூன் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். அங்கே பிடியில் மாட்டுவது இதே டபுள் எட்ஜ் பிளேடின் பாதி, காகிதத்தோடு வைத்து நடுவில் ஒடிப்பார்கள். உங்கள் கண் முன்னால் புதுப் பிளேடு பிரித்து ஒடிக்கச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் ரத்தத்தால் பரவும், கண்ணுக்குத் தெரியாத துளி போதும். பலர் பிளேடை மட்டும் பார்ப்பார்கள். பிடியின் தாடைக்குள் தங்கும் பழைய நுரையையும் ரத்தத்தையும் கழுவிக் கிருமிநாசினியில் போட்டு எடுத்தாரா என்பதும், பொதுப் படிகாரக் கட்டியை முகத்தில் தேய்க்கிறாரா என்பதும் அதே அளவு முக்கியம்.

#23 அமுதன்_தாம்பரம்

பிளேடை நேராக்கிட்டேன், கேன் தண்ணி நுரை, வரைபடமும் போட்டாச்சு. அடிக்கழுத்துல முடி மேல்நோக்கித்தான் வளருது. வலது கழுத்துச் சிவப்பு குறைஞ்சிருக்கு, இடது பக்கம் குரல்வளை ஓரத்துல இன்னும் ரெண்டு புள்ளி கெட்டியா இருக்கு. கடைசியா, தீர்ந்த பிளேடை என்ன பண்றது?

#24 கத்திக்கல்

அந்த இரண்டு புள்ளி உள்நோக்கி வளர்ந்த முடியாக இருக்கலாம். கிள்ளாதீர்கள், ஊசியால் தோண்டாதீர்கள். அந்த இடத்தை மட்டும் ரேசர் படாமல் ஒரு வாரம் விடுங்கள். வெதுவெதுப்பான ஈரத்துணி ஒத்தடம் தினம் ஐந்து நிமிடம். முடி வளைவு தானாக வெளியே வந்ததும் நுனியை வெட்டினால் போதும்.

#25 எவர்சில்வர்

பிளேடைத் தனியாகக் குப்பையில் போடவே கூடாது. காகிதத்தில் சுற்றிப் போட்டாலும் பை ஈரமானால் காகிதம் கிழிந்து, அள்ளும் தூய்மைப் பணியாளரின் கையில்தான் ஏறும். திறக்காத மில்க்மெய்ட் டின்னோ வேறு சிறு டின்னோ எடுத்து, மூடியில் பிளேடு நுழையும் அளவு, 2.5 செ.மீ. நீளத்துக்கு ஒரே ஒரு பிளவு போடுங்கள். உள்ளே இருப்பதை அந்த வழியாகவே வடித்துக் கழுவிக் காயவையுங்கள். மூடியை வெட்டி எடுத்துவிட்டால் டின் பயன்படாது. தீர்ந்த பிளேடைக் குட்டை ஓரத்தில் பிடித்து அந்தப் பிளவில் விடுங்கள், திரும்ப வெளியே வராது. வாரத்துக்கு ஒரு பிளேடு என்றால் நிரம்ப வருடக்கணக்கில் ஆகும்.

நிரம்பியதும் பிளவை எம்-சீல் வைத்து அடைத்து, டேப் சுற்றி, இரண்டு பக்கமும் "பிளேடு" என்று பெரிதாக எழுதி, மற்ற குப்பையோடு சேர்க்காமல் பணியாளரிடம் சொல்லிக் கையில் கொடுங்கள்.